‘நோட்டட்’ என்று ஒரு வார்த்தை, அதற்கு ஒரு ராத்திரித் தூக்கம்

வாசகர்களின் மனநலக் கேள்விகளுக்கு மனநல மருத்துவரும் மருத்துவ உளவியலாளரும் சேர்ந்து பதில் சொல்லும் பகுதி இது. இந்த இதழுக்கு எடுத்துக்கொண்ட கடிதங்கள் எல்லாமே வேலையில் நல்ல பெயர் வாங்கிய பெண்களைப் பற்றியவை. பெயர், பணியிடம் போன்ற அடையாளங்களை நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: எனக்கு வயது 34. ஐ.டி. நிறுவனத்தில் டீம் லீட். ஒரு மெயில் அனுப்புவதற்குள் ஏழெட்டுத் தடவை படித்துவிடுவேன். அனுப்பிய பிறகும் திறந்து இன்னொரு தடவை படிப்பேன். போன வாரம் மேனேஜருக்கு ஒரு ரிப்போர்ட் அனுப்பினேன். ‘நோட்டட்’ என்று மட்டும் பதில் வந்தது. கோபமா, ரிப்போர்ட் பிடிக்கவில்லையா என்று ராத்திரி இரண்டு மணி வரை புரண்டுகொண்டிருந்தேன். மறுநாள் அவர் எப்போதும்போலத்தான் பேசினார். இந்தப் பழக்கத்தை விடலாம் என்றால், ‘இப்படி யோசித்து யோசித்துத்தானே இந்த இடத்துக்கு வந்தோம், விட்டால் தப்பு நடந்துவிடுமே’ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, கோவை

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறோம். மெயிலோ மேனேஜரோ இங்கே பெரிய விஷயமில்லை. ‘கவலைதான் என்னைக் காப்பாற்றுகிறது’ என்ற நம்பிக்கைதான் பெரிது.

98 மார்க்கோடு வீட்டுக்கு வந்தால் ‘மீதி ரெண்டு எங்கே போச்சு?’ என்று கேட்டு வளர்த்த தலைமுறை நாம். பரீட்சைக்கு முந்தின நாள் படிப்பும் இருந்தது, பயமும் இருந்தது. ரிசல்ட் நன்றாக வந்ததும் இரண்டுக்கும் சேர்த்துப் பாராட்டு போய்விட்டது. மார்க் வாங்கிக் கொடுத்தது படிப்பு. பயம் கூடவே இருந்தது, அவ்வளவுதான். வேலையிலும் அதேதான் நடக்கிறது. எட்டுத் தடவை படித்தீர்கள், தப்பு ஒன்றும் நடக்கவில்லை, ‘எட்டுத் தடவை படித்ததால்தான் நடக்கவில்லை’ என்று மனது கணக்கு எழுதிக்கொள்கிறது. ஒரு தடவை படித்திருந்தாலும் நடந்திருக்காது என்பதைத் தெரிந்துகொள்ள அதற்குச் சந்தர்ப்பமே கிடைப்பதில்லை. அந்தச் சந்தர்ப்பத்தைக் கொடுப்பதுதான் சிகிச்சை.

கவலை எது, திட்டமிடல் எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் யோசித்த பிறகு ‘நாளை 11 மணிக்கு இன்னாரிடம் இதைக் கேட்கப் போகிறேன்’ என்று ஒரு வரி எழுத முடிந்தால் அது திட்டம். எழுத எதுவும் கிடைக்காமல் அதே கேள்வி நாலாவது தடவையாகச் சுற்றி வந்தால் அது கவலை. ‘நோட்டட்’டுக்கு என்ன அர்த்தம் என்பது இரண்டாவது வகை. ராத்திரி இரண்டு மணிக்கு அதற்குப் பதில் கிடைக்க வழியே இல்லை.

இனி செய்யவேண்டியது. தினமும் 20 முதல் 30 நிமிடத்தைக் கவலைக்கென்றே ஒதுக்குங்கள். அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்க்கோவெக்கும் சக ஆய்வாளர்களும் 1983-ல் ஆய்வாக வெளியிட்ட முறை இது. இன்றைக்கும் சிகிச்சையில் பயன்படுகிறது. ஒரே நேரம், ஒரே நாற்காலி. படுக்கையறை வேண்டாம். தூங்கப் போவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும். ஆபீஸிலிருந்து திரும்பியதும் 6.30 மணி என்று வைத்துக்கொள்வது பலருக்கும் ஒத்துவருகிறது. பகலில் கவலை தலைதூக்கும்போது அதோடு சண்டை போடாமல் ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு வார்த்தை குறித்து, ‘சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிவைத்துவிட்டுக் கையில் இருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். 6.30-க்கு உட்கார்ந்து குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுங்கள். ஏதாவது செய்ய முடியும் என்றால் என்ன, எப்போது என்று எழுதுங்கள். நம் கையில் இல்லாதது என்றால் அப்படியே எழுதிக் கோடு போடுங்கள். பாதிக்கு மேல் அந்த நேரத்தில் உப்புச்சப்பில்லாமல் தெரியும். அப்படித் தெரிந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். நேரம் முடிந்ததும் எழுந்துவிட வேண்டும்.

இந்த முறை கெட்டுப்போவது மூன்று இடங்களில். எழுதாமல் மனதுக்குள்ளேயே செய்வது முதலாவது. அப்படிச் செய்தால் வழக்கமான யோசனையாகவே அது மாறிவிடும். போனில் குறிக்கிறேன் என்று எடுத்து வாட்ஸப்பில் போய் நிற்பது இரண்டாவது. முதல் வாரம் கவலை கூடியதுபோலத் தெரிந்ததும் நிறுத்திவிடுவது மூன்றாவது. இத்தனை நாள் கணக்கில் வராதவை இப்போது கணக்கில் வருகின்றன, அவ்வளவுதான். நான்கு வாரம் செய்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

மெயில் படிக்கும் பழக்கத்தைத் தனியாகக் குறைக்க வேண்டும். எட்டிலிருந்து ஒரே நாளில் ஒன்றுக்கு வராதீர்கள். இரண்டாவது நாளே பழையபடி ஆகிவிடும். மெயில்களை மூன்று வகையாகப் பிரியுங்கள். டீமுக்குள் போகும் மெயிலை ஒரு தடவை படித்து அனுப்புங்கள். மேனேஜருக்கோ கிளையண்டுக்கோ போவதை இரண்டு தடவை. பணம், தேதி, ஒப்பந்தம் உள்ளவற்றுக்கு ஐந்து வரிச் சரிபார்ப்புப் பட்டியல்: பெயர், தொகை, தேதி, இணைப்பு, யாருக்கு நகல். ஐந்துக்கும் டிக் போட்டாயிற்றா, அனுப்பிவிட வேண்டியதுதான். முதல் வாரம் டீம் மெயிலில் மட்டும் பழகுங்கள். அடுத்த வாரம் இரண்டாம் வகை. அனுப்பிய மெயிலைத் திறந்து பார்ப்பது எந்த வகைக்கும் கிடையாது. பட்டனை அழுத்தியதும் வயிற்றைப் பிசையும். அது அடங்கின பிறகு அனுப்பலாம் என்று காத்திருக்காதீர்கள். பிசையும்போதே அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். பெரும்பாலும் அரை மணி, ஒரு மணி நேரத்தில் தானாகத் தணியும். பத்துப் பதினைந்து மெயிலுக்குப் பிறகு அந்தப் பிசைவே சிறிதாகிவிடும். ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை: நீங்கள் படிப்பதைக் குறைத்துவிட்டு, பக்கத்து சீட் தோழியிடம் ‘கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்’ என்று கேட்க ஆரம்பித்தால் பழக்கம் ஆள் மாறியிருக்கிறதே தவிர குறையவில்லை.

கூடவே ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். தேதி, எதற்குப் பயப்படுகிறேன், நடக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு, ஒரு வாரம் கழித்து என்ன நடந்தது. ‘மேனேஜர் ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்புவார், 80 சதவீதம்’ என்று துணிந்து எழுதுங்கள். ‘ஏதோ தப்பாகப் போகும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் சரிபார்க்க முடியாது. பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பொதுவான பதற்ற நோய் உள்ள 29 பேரை இப்படிக் கவலைகளைக் குறித்துவைக்கச் சொல்லி, பிறகு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கச் செய்தார்கள். 2020-ல் வந்த அந்த ஆய்வில் சுமார் 91 சதவீதக் கவலைகள் நடக்கவே இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் உங்கள் மனதை மாற்றப்போவது அவர்கள் கணக்கல்ல, உங்கள் கையெழுத்தில் உள்ள நாற்பது வரி.

கேள்வி: நான் கல்லூரிப் பேராசிரியை, வயது 43. இந்த வருடம் துறைத் தலைவராக்கினார்கள். மீட்டிங்குக்கு முன் நெஞ்சு படபடக்கிறது, கை சில்லிட்டுப்போகிறது. ஒரு நாள் மூச்சே நின்றுவிடும்போல ஆகி, ஆஸ்பத்திரிக்குப் போனேன். இ.சி.ஜி. நார்மல், ‘டென்ஷன்தான்’ என்றார்கள். டென்ஷன் என்றால் உடம்பு இப்படிச் செய்யுமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: செய்யும். ஆபத்து என்று மூளை முடிவு கட்டினால் இதயத் துடிப்பு ஏறும், ரத்தம் பெரிய தசைகளுக்குத் திரும்பும், கை விரல் குளிரும். மூச்சு நின்றுவிடும்போல வந்தது பதற்றத் தாக்குதலாக இருக்கலாம். பொதுவாக அது பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கத் தொடங்கும்.

ஆனால் ‘டென்ஷன்தான்’ என்று கோப்பை மூடுவதற்கு முன் சில பரிசோதனைகள் பாக்கி இருக்கின்றன. ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., வைட்டமின் பி12, சர்க்கரை, ரத்த அழுத்தம். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை; மாடி ஏறினாலே படபடக்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை என்று பதற்றத்தின் அத்தனை அடையாளமும் வரும். உங்கள் வயதில் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஹார்மோன் ஏற்ற இறக்கமும் சேரும். மாதவிடாய் தேதிகளையும் படபடப்பு வந்த நாட்களையும் ஒரே காலண்டரில் இரண்டு மாதம் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள்.

காபி எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. காபியில் உள்ள கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணி டம்ளரில் பாதி ராத்திரி 10 மணிக்கும் உள்ளே இருக்கும். பிற்பகல் 2 மணிக்கு மேல் வேண்டாம். நான்கு வேளை குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் தலைவலி மண்டையைப் பிளக்கும். மூன்று நாளுக்கு ஒரு வேளை வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

மூச்சுப் பயிற்சி: மூக்கு வழியாக 4 எண்ணிக்கை உள்ளே, 6 எண்ணிக்கை வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடம், காலையும் மாலையும். வயிற்றில் ஒரு கை, நெஞ்சில் ஒரு கை வைத்தால் வயிற்றுக் கைதான் அசைய வேண்டும். பலரும் செய்யும் தப்பு, மூச்சை ஆழமாக, நிறைய இழுப்பது. அதனால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து கை மரத்து, தலை சுற்றி, பதற்றம் கூடும். மெதுவாகத்தான் இழுக்க வேண்டும், நிறைய அல்ல. இன்னொரு தப்பு, மீட்டிங் வாசலில் நின்று முதல்முறையாக முயற்சி செய்வது. இரண்டு வாரம் அமைதியான நேரத்தில் பழகினால்தான் அவசரத்துக்குக் கைகொடுக்கும்.

கூடவே இதையும் செய்யுங்கள். உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்தும் ஏழு கேள்விகள் இருக்கின்றன. கடந்த 2 வாரத்தில் இவை உங்களை எவ்வளவு தொந்தரவு செய்தன என்று பாருங்கள்: படபடப்பு அல்லது பதற்றம்; கவலையை நிறுத்த முடியாமை; பல விஷயங்களைப் பற்றி அளவுக்கு மீறிய கவலை; தளர்வாக இருக்க முடியாமை; ஓரிடத்தில் உட்கார முடியாத அமைதியின்மை; சட்டென்று எரிச்சல்; ஏதோ பயங்கரம் நடந்துவிடும் என்ற அச்சம். இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் 1, பாதி நாட்களுக்கு மேல் 2, கிட்டத்தட்ட தினமும் 3. கூட்டினால் அதிகபட்சம் 21. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இது நோய் முடிவல்ல, டாக்டரிடம் போகவேண்டுமா என்பதற்கான அளவுகோல்.

நெஞ்சு வலி தாடை, தோள், முதுகு, இடது கைக்குப் பரவினாலோ, நடக்கும்போது மூச்சு வாங்கினாலோ, மயக்கம் வந்தாலோ இந்தப் பயிற்சி எதையும் செய்துகொண்டிருக்காதீர்கள். 108-க்கு அழையுங்கள். பெண்களுக்கு மாரடைப்பு சில சமயம் கடும் சோர்வாகவும் குமட்டலாகவும் மட்டுமே தெரியும்.

கேள்வி: வங்கி அதிகாரி நான், வயது 29. எங்கள் பேட்சில் முதலில் பதவி உயர்வு வாங்கியது நான்தான். ஆனால் அதிர்ஷ்டத்தில் கிடைத்தது, ஒரு நாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்றே தோன்றுகிறது.
– வாசகி, மதுரை

பதில்: சாதித்த பெண்களிடம் இந்த எண்ணம் இருப்பதை பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978-லேயே விவரித்து எழுதினார்கள். பாராட்டுக் கடிதங்களைச் சேர்த்துப் படிப்பதால் இது போவதில்லை. ‘அவர்களும் ஏமாந்துவிட்டார்கள்’ என்று மனது சொல்லிவிடும். அதற்குப் பதிலாக, முடித்த ஒரு வேலையை எடுத்து நீங்கள் செய்த செயல்களை மட்டும் எழுதுங்கள். எந்தக் கடன் கோப்பு, எந்த ஆவணத்தில் குறை கண்டுபிடித்தீர்கள், யாரிடம் பேசினீர்கள், எத்தனை நாளில் முடித்தீர்கள். வெள்ளிக்கிழமை தோறும் ஐந்து வரி. அதிர்ஷ்டமும் ஒரு காரணம் என்றால் அதையும் ஒரு வரியாக எழுதுங்கள். பட்டியலில் அதன் இடம் என்ன என்று கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: ஈரோட்டில் ஆடிட்டராக இருக்கிறேன். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வேலை நெரியும். படுத்ததும் தூங்கிவிடுகிறேன், ஆனால் மூன்று மணிக்கு டக்கென்று முழிப்பு வந்துவிடுகிறது. எந்தக் கிளையண்டின் எந்த ரிட்டர்ன் பாக்கி என்று ஓட ஆரம்பித்தால் விடியும்வரை நிற்பதில்லை.
– வாசகி, ஈரோடு

பதில்: இரவின் பின்பாதியில் எல்லோருக்கும் தூக்கம் மெலிதாகத்தான் இருக்கும். முழிப்பு வருவது இயல்பு. வந்ததும் மணி பார்ப்பதும், ‘இன்னும் மூன்று மணி நேரம்தான் இருக்கு’ என்று கணக்குப் போடுவதும்தான் மூளையை முழுதாக எழுப்பிவிடுகின்றன. கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்புங்கள். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். அலாரத்துக்குச் சாதாரண கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

தூக்கம் வராமல் சுமார் 20 நிமிடம் ஆனதுபோலத் தோன்றினால் எழுந்து வெளியே வாருங்கள். மங்கிய வெளிச்சத்தில் துவைத்த துணி மடிப்பதுபோல மூளைக்கு வேலையில்லாத ஒன்றைச் செய்யுங்கள். கண் சொக்கினால் மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். மறுபடி முழிப்பு தட்டினால் மறுபடி எழுந்துவிட வேண்டும். ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972-ல் சொன்ன முறை இது. படுக்கை என்றால் தூக்கம் என்று உடம்புக்குத் திரும்பப் பழக்குவது. முதல் வாரம் பகலில் கண் எரியும். அதைச் சரிக்கட்ட மதியம் ஒரு மணி நேரம் தூங்கினாலோ, ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிவரை படுத்திருந்தாலோ அத்தனை உழைப்பும் வீண். ராத்திரி எப்படிப் போனாலும் எழும் நேரம் ஒன்றாகவே இருக்க வேண்டும். முந்தின நாள் தூங்கவில்லை என்று எட்டு மணிக்கே படுப்பதும் வேண்டாம்.

ரிட்டர்ன் பட்டியல் ஓடுகிறதே, அதற்குத் தனி மருந்து இருக்கிறது. பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து 2018-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் செய்யவேண்டிய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் சீக்கிரம் தூங்கினார்கள். விவரமாக எழுத எழுத தூக்கம் சீக்கிரம் வந்தது. ‘ரிட்டர்ன் வேலை’ என்று எழுதினால் பயனில்லை. ‘ஜவுளிக்கடைக்காரர்: மார்ச் மாத வங்கி ஸ்டேட்மெண்ட் வரவில்லை, 10.15-க்கு போன்’ என்று எழுதுங்கள். நோட்டைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு வாருங்கள். மூன்று மணிக்கு மூளை எழுப்பினால் ‘எழுதியாயிற்று, அங்கே இருக்கிறது’ என்று சொல்ல ஓர் இடம் வேண்டும்.

கேள்வி: வயது 38. கம்பெனியில் நாற்பது பேருக்கு மேனேஜர். வீட்டில் இரண்டு பிள்ளைகள், மாமியார், கணவர். மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போதே கேஸ் புக் பண்ணினோமா, பையனுக்கு சார்ட் வாங்கணுமே, அத்தையின் பி.பி. மாத்திரை எத்தனை பாக்கி என்று ஓடுகிறது. கணவர் நல்லவர், ‘சொல்லு, செஞ்சுடறேன்’ என்கிறார். அப்படியும் பாரம் குறையவில்லையே?
– வாசகி, திருச்சி

பதில்: அவர் ‘சொல்லு’ என்கிறாரே, பாரம் அந்த வார்த்தையில்தான் இருக்கிறது. எந்த வேலைக்கும் மூன்று பகுதி உண்டு: கவனிப்பது, முடிவெடுப்பது, செய்வது. அவர் எடுத்துக்கொள்வது மூன்றாவதை மட்டும். மாத்திரை அட்டையில் நாலுதான் பாக்கி என்று பார்த்தது நீங்கள், ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு என்று யோசித்தது நீங்கள், கடைக்குப் போய் வந்தது அவர். இது உங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவழிப்பது சராசரியாக நாளுக்கு 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். நினைவில் வைத்துக்கொள்ளும் வேலை இந்த நிமிடக் கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வேலையை முழுசாகக் கைமாற்றுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து, உங்கள் தலையில் ஓடுவதையெல்லாம் ஒரே காகிதத்தில் எழுதுங்கள். நாற்பது ஐம்பது வரி வரும். அவருக்கே ஆச்சரியமாக இருக்கும். அதில் இரண்டை மட்டும் முதல் மாதம் அவர் பெயருக்கு மாற்றுங்கள். பால், கேஸ், பள்ளி சார்ட் மாதிரி, தவறினாலும் பெரிய நஷ்டம் வராதவை. மாத்திரையைக் கடைசியில் மாற்றலாம். எப்போது, எந்தக் கடை என்பதெல்லாம் அவர் பாடு. நீங்கள் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று, ஆனால் கஷ்டமானது: ஞாபகப்படுத்தக் கூடாது. கேஸ் தீர்ந்து ஒரு வேளை ஹோட்டலில் வாங்கிச் சாப்பிட நேர்ந்தாலும் சரி. பாதி வீடுகளில் இந்த ஏற்பாடு குலைவது மூன்றாவது நாளில், ‘அவர் மறந்துடுவாரே’ என்று மனைவி தானே புக் பண்ணிவிடும்போது. மாமியார் ‘அவனைப் போய் இதெல்லாம் செய்ய வைக்கணுமா’ என்றால் பதில் சொல்ல வேண்டியவர் மகன்தான். அதையும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மனநல டாக்டர் என் பதற்றத்துக்கு எஸிடாலோபிராம் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார். ஐந்து நாள் ஆகிறது, குமட்டலும் தலைவலியும்தான் மிச்சம். ‘பழக்கமாகிவிடும், நிறுத்திவிடு’ என்கிறார் அம்மா. தோழி ஒருத்தி அல்பிரஸோலம் பாதி மாத்திரை கொடுத்தாள், அரை மணி நேரத்தில் நிம்மதியாக இருந்தது. அதையே வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?
– வாசகி, சேலம்

பதில்: வேண்டாம். அம்மாவின் பயம் நியாயமானது, ஆனால் மருந்துதான் மாறிப்போயிருக்கிறது. பழக்கமாகக்கூடியது அரை மணியில் நிம்மதி தந்த அந்த மாத்திரை. அல்பிரஸோலம், குளோனஸிபாம் போன்றவற்றைத் தினமும் போட்டால் சில வாரங்களிலேயே உடம்பு பழகிவிடலாம். பிறகு அதே அளவு போதாது, திடீரென்று நிறுத்தினால் பதற்றம் இரட்டிப்பாகத் திரும்பும், வலிப்புகூட வரலாம். டாக்டர்கள் குறுகிய காலத்துக்கு மட்டும், காரணத்தோடுதான் கொடுப்பார்கள். மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்ந்தால் ஆபத்து. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து அது.

எஸிடாலோபிராம் வேறு வகை. இதற்கு ஏங்க வைக்கும் போதை கிடையாது. பலன் தெரிய 2 முதல் 4 வாரம், முழுப் பலனுக்கு 6 வாரம்கூட ஆகலாம். முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டல், தலைவலி, லேசான பரபரப்பு இருக்கும். பெரும்பாலும் தானாகப் போய்விடும். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். தூக்கம் கெட்டால் காலையில் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தாம்பத்திய ஆர்வம் குறையலாம். சொல்லக் கூச்சப்பட்டு மருந்தையே நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தர முடியும். கர்ப்பத்துக்குத் திட்டமிட்டிருந்தால் இப்போதே தெரிவியுங்கள். நன்றாக ஆனபிறகும் பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் தொடர்வார்கள். நிறுத்தும்போது படிப்படியாகத்தான், திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், மின்சாரம் பாய்ந்ததுபோன்ற உணர்வு வரும். ஆரம்ப வாரங்களில் சாகவேண்டும் என்ற எண்ணம் தோன்றினாலோ, நிலைகொள்ளாத பரபரப்பு வந்தாலோ அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மருந்தோடு, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் ‘சி.பி.டி.’ சிகிச்சையும் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். பொதுவாக வாரம் ஒன்று வீதம் 12 முதல் 16 அமர்வு. வீட்டில் செய்துவர எதுவும் கொடுக்காமல் பேசி மட்டும் அனுப்பினால் அது சி.பி.டி. அல்ல. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறே இல்லை.

கேள்வி: சிகிச்சைக்குப் போனால் ஆபீஸுக்குத் தெரிந்துவிடுமா?
– வாசகி, சென்னை

பதில்: நீங்கள் சொன்னால் ஒழியத் தெரிய வழியில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவில் ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. அதே சட்டப்படி, உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரவேண்டும். நிறுவனமே ஏற்பாடு செய்யும் ஆலோசகரிடம் போவதாக இருந்தால், குறிப்புகள் யாரிடம் இருக்கும் என்று முதல் அமர்விலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மனைவி பள்ளி முதல்வர். வெளியே சிங்கம். வீட்டுக்கு வந்தால் ‘நான் அந்தப் பெற்றோரிடம் பேசினது தப்பா?’ என்று பத்துத் தடவை கேட்கிறாள். ‘இல்லம்மா’ என்றால் அஞ்சு நிமிடம் அடங்குகிறாள். பொறுமையிழந்து ‘சும்மா யோசிக்காதே’ என்று கத்திவிட்டேன். என்ன சொல்வது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ‘யோசிக்காதே’ என்பது வேலை செய்யாது. 1987-ல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்று சிலரிடம் சொல்லிச் சோதித்தார். அவர்களுக்குக் கரடி வந்துகொண்டே இருந்தது. தடையை நீக்கிய பிறகு இன்னும் அதிகமாகவே வந்தது.

‘இல்லம்மா, தப்பில்லை’ என்பதும் அஞ்சு நிமிட மருந்துதான். நீங்கள் சொல்லச் சொல்ல, தானே தீர்மானிக்கும் பழக்கம் அவருக்குத் தேய்கிறது. ஆனால் திடீரென்று பதில் சொல்வதை நிறுத்தினால் கைவிட்டதுபோல ஆகும். அவர் அமைதியாக இருக்கும் ஒரு நாளில் இரண்டு பேரும் பேசி ஒரு வரி முடிவு செய்யுங்கள். ‘ஒரு தடவை சொல்லிட்டேன். இப்ப கேட்கிறது கவலை. வா, மொட்டை மாடியில பத்து நிமிஷம் நடப்போம்.’ முதல் கேள்விக்கு உண்மையான பதில் சொல்லுங்கள். தப்பு இருந்தால் தப்பு என்றும் சொல்லலாம். இரண்டாவது தடவையிலிருந்து அந்த ஒரு வரிதான். குரலில் எரிச்சல் இருந்தால் இது தண்டனையாக மாறிவிடும். பத்து என்பது மூன்று வாரத்தில் நாலாகக் குறைந்தால் நல்ல முன்னேற்றம். பூஜ்யத்தை எதிர்பார்க்காதீர்கள்.

ஒன்றைக் கவனித்துக்கொண்டே இருங்கள். சாப்பாடு குறைகிறதா, பிடித்த விஷயங்களை விட்டுவிட்டாரா, ‘நான் இல்லாமல் இருந்தால் எல்லோருக்கும் நிம்மதி’ என்பதுபோலப் பேசுகிறாரா? அப்படிப் பேசினால் விளையாட்டாக எடுக்காதீர்கள். ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியாக விடாமல், மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அப்புறப்படுத்திவிட்டு, அன்றே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ உங்களுக்குத் தெரிந்த மனநல மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழிலேயே பேசலாம். அவர் பேச மறுத்தால் முதல் அழைப்பை நீங்களே செய்து, எப்படி அவரை அழைத்து வருவது என்று கேட்டுக்கொள்ளலாம்.